படங்களுக்குப் பின்னால் அடைபட்ட காற்று

மார்ச் 9, 2024, சனி

லோஷினி ஸ்கூடாயில் கட்டடப் படிப்பு முடித்து ஜொகூர் பாருவில் வேலை செய்கிறாள். வீடு கட்டுகிறவர்களுக்கே யோசனை சொல்கிற வேலை. அவள் தம்பி மதிவாணன் மருந்தாளர், மூவார் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறான். கடைக்குட்டி ஷர்மினி எஸ்.பி.எம். பரீட்சையில் எல்லாரும் பயப்படுகிற கணக்கிலேயே ஏ வாங்கி, இப்போது ஆறாம் படிவம். இவர்கள் மூன்று பேரும் என் மகன் திருச்செல்வத்தின் பிள்ளைகள். தங்காக்கில் இருக்கும் மகளுக்கு ஒரே பையன், ஹேமநாதன். மாநில அளவில் ஓடி வெள்ளி வாங்கினவன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இவர்கள் நாலு பேர் படமும் என் ஹாலில் மேலே வரிசையாக இருக்கிறது. லாபிஸில் என் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கழுத்தைத் தூக்கி அதைத்தான் பார்க்க வேண்டும்.

மனசு சரியில்லாத நாளில் இப்படி ஒருமுறை எழுதிவிட்டால் கொஞ்சம் தெம்பு வரும்.

இன்று மத்தியானம் விழுந்துவிட்டேன். வழுக்கி விழவில்லை. சமையலறையில் ரசத்துக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. அப்புறம் பார்த்தால் தரையில் கிடக்கிறேன். ரொகாயா, ரொகாயா என்று கத்தினேன். அடுத்த வீடுதான், நடுவில் ஒரே சுவர். ஆனாலும் அவளுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் குயே பலகாரம் கொடுக்க வந்தவள்தான் ஜன்னல் வழியாகப் பார்த்து, கூச்சல் போட்டு ஆளைக் கூட்டி, கிரில் கதவை உடைத்தாள்.

சூடு, தண்ணீர் குடிக்காதது. இரண்டும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர்.

திருச்செல்வம் சிங்கப்பூர் வேலையிலிருந்து நேரே இங்கே வந்து நின்றான். "அம்மா, இது வீடில்ல, அடுப்பு. பெர்மாஸுக்கு என் வீட்டுக்கு வந்துருங்க. இத வாடகைக்கு விட்டுரலாம்." குரல் அதட்டலாகத்தான் இருந்தது. கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு துணியை எடுத்து வைத்தேன்.

மார்ச் 17

பெர்மாஸ் ஜெயா. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மருமகள் வாசுகி எனக்கென்று தனியாக மெத்தை போட்டிருக்கிறாள், சோறு பக்குவமாக வைக்கிறாள். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ஏர்கோன் வீணாகுமாம். மூடிய அறையில் துணி மடிக்கிறேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

மார்ச் 24

லாபிஸுக்குத் திரும்பிவிட்டேன். திருச்செல்வத்தோடு ஒரு பேச்சு முடித்திருக்கிறேன். தீபாவளி வரைக்கும்தான். அதற்குள் வீடு சூடு தணிந்து, நான் தனியாக இருக்கலாம் என்று அவனுக்கே தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் தீபாவளிக்கு மறுநாள் மூட்டை கட்ட வேண்டும். நான் வாய் விட்டுச் சரி சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வெயிலை நான் எப்படித் தணிப்பேன்?

ஏப்ரல் 7

லோஷினி வந்தாள். "பாட்டி, அப்பாகிட்ட நீங்க போட்ட பந்தயத்துல நான் உங்க கட்சி" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள். பையிலிருந்து ஏதாவது பெரிய மெஷின் எடுப்பாள் என்று பார்த்தேன். சாமி மேடையிலிருந்து என் ஊதுபத்தியை எடுத்தாள். கொளுத்தி, வீடு முழுக்க மூலை மூலையாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"என்னடி இது, பேய் ஓட்டுறியா?"

"காத்து எங்க போவுதுன்னு பாக்குறேன் பாட்டி. பொகைய பாருங்க. நேரா நிக்குது. ஆடவே மாட்டேங்குது."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்தி நேராக எரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

பிறகு ஏணி வைத்து ஏறி, அவளுடைய பட்டமளிப்புப் படத்தைத் தட்டினாள். பின்னால் டொக் டொக் என்று கேட்டது. அவள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "பாட்டி! எங்க மூஞ்சிய வச்சே காத்த அடைச்சிட்டீங்க!"

விஷயம் இதுதான். இந்த வீட்டுக்கு ஹால் சுவரில் மேலே வரிசையாகக் காற்று ஓட்டைகள் வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். திருச்செல்வம் முதல் சம்பளத்தில் ஏர்கோன் மாட்டினான். குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் மணியம் பலகை வைத்து அத்தனையையும் அடைத்துவிட்டார். பலகை பார்க்க அசிங்கமாக இருந்தது. அதன்மேல் பிள்ளைகளின் படங்களை மாட்டினேன். ஏர்கோனையோ விருந்தாளி வந்தால்தான் போடுவேன். கரண்டு என்ன சும்மாவா வருகிறது? ஆக ஏர்கோனும் ஓடுவதில்லை, காற்றும் வருவதில்லை. இந்தத் தாமான் குடியிருப்பில் முக்கால்வாசித் தமிழர் வீட்டில் இதே கதைதான்.

சமையலறையும் அப்படித்தான். பின்பக்கத்து வெற்றிடத்தை ஒரு விரல் இடம் விடாமல் சிங் தகரம் போட்டு மூடிவிட்டார் அவர். அப்போது ஊரே வந்து பாராட்டிவிட்டுப் போனது.

"படத்த எல்லாம் எடுக்கணும் பாட்டி" என்றாள் லோஷினி.

ஏப்ரல் 8

எடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 10

ஹரிராயா, நோன்புப் பெருநாள். ரொகாயா வீட்டில் ரெண்டாங் கறியும் கெத்துப்பாட்டுச் சோறும் சாப்பிட்டேன். எனக்காகக் கோழி ரெண்டாங் தனியாக வைத்திருந்தாள். மலாய்க்காரி என்றாலும் பிறந்ததிலிருந்து தமிழர் நடுவில் வளர்ந்தவள், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள், அக்காவை மட்டும் கக் என்பாள்.

அவள் வீடும் என் வீடும் ஒரே அச்சு. ஒரே வெயில். அவள் ஹாலில் திரைச்சீலை ஆடிக்கொண்டே இருந்தது. மேலே பார்த்தேன். ஓட்டைகள் திறந்தபடி கிடக்கின்றன, வெறும் சுவர்.

"என்ன கக், மேலயே பாக்குறீங்க? நம்ம வீட்டுல மாட்டுறதுக்குப் படம் இல்லைன்னு பாக்குறீங்களா?" என்று வம்புக்கு இழுத்தாள்.

கேட்டுவிட்டு அவளே இன்னொரு துண்டு வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் அந்தத் திரைச்சீலை கண்ணை விட்டுப் போகவில்லை.

ஏப்ரல் 21

லோஷினி அன்றைக்குப் பிறகு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இன்று தூசி தட்ட ஏணியில் ஏறினேன். (தனியாக ஏறியது திருச்செல்வத்துக்குத் தெரிய வேண்டாம்.) கிட்டப் போய்ப் பார்க்கிறேன், ஐயோ, லோஷினி முகத்தில் பூசணம்! கறுப்புக் கவுனெல்லாம் சரியாக இருக்கு, கன்னத்துல பச்சையா படர்ந்திருக்கு. கண்ணாடிய கழட்டப் பாத்தேன், படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. இழுத்தா மூக்கு வந்துரும். மதிவாணன் படமும் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு. கீழே நின்னு வருஷக்கணக்கா பெருமையா பாத்துக்கிட்டே இருந்திருக்கேன், ஒண்ணும் தெரியல. சுவர் அடைச்சு, சூடும் ஈரமும் உள்ளயே நின்னு, பிள்ளைங்க முகத்தையே தின்னுருச்சே!

அரைமணி நேரம் கழித்து எழுதுகிறேன். எல்லாப் படத்தையும் நானே இறக்கி, கட்டிலில் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டேன். லோஷினிக்குப் போன் போட்டு, "ஆளக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

மே 4

வீட்டு வேலை எடுத்துச் செய்யும் அய்யாவு வந்தார். லோஷினி காகிதத்தில் வரைந்து கொடுத்ததைப் பார்த்து வேலை. பலகையைக் கழற்ற முடியவில்லை. என் வீட்டுக்காரர் எதையும் லேசாகச் செய்ய மாட்டார். ஆணி மேல் ஆணி.

"யக்கா, அண்ணன் காத்த அடைக்கல. ஆனைய அடைச்சிருக்காரு!" என்று அய்யாவு வியர்த்துக்கொண்டே சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். பிறகு, "இன்னும் ஒரு ஆணி போட்டிருக்கணும்" என்பார்.

ஓட்டைகளைக் கழுவிக் கம்பிவலை அடித்தாயிற்று. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சை விரித்தார்கள். வெயில் சூடு கீழே இறங்காதாம். சமையலறைச் சிங் கூரையின் ஒரு பாகத்தைத் தூக்கி, இடைவெளி விட்டு, அங்கேயும் வலை.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டிய முருகன் காலண்டரின் தாள் மெல்ல எழும்பியது. யாரோ புரட்டிப் பார்ப்பதுபோல. மறுபடி எழும்பியது. நான் தேத்தண்ணீரைக் குடிக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 19

விளக்கு அணைந்துவிட்டது. சாமி மேடை சமையலறை வாசலில் இருக்கிறது. ஏற்றுகிறேன், அணைகிறது. மறுபடி ஏற்றுகிறேன், மறுபடி அணைகிறது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் விளக்கு தானாக அணைந்ததே இல்லை. இது நல்லதுக்கா? யாரைக் கேட்பேன்? லோஷினியிடம் சொன்னால் சிரிப்பாள்.

மே 20

பழைய பேப்பரையும் மாவுச் சாக்கையும் சமையலறை இடைவெளியில் திணித்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

மே 22

காலையில் ரசத்துக்கு இடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாசலில் ரொகாயா, தலைத்துணிகூடச் சரியாகப் போடாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். "கக்! கக்! இருக்கீங்களா?"

"என்னடி ஆச்சு?"

"அலமாக்! உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கணும். ரெண்டு நாளா இடிக்கிற சத்தம் இல்ல. தாளிக்கிற வாசம் இல்ல. மறுபடியும் விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன்!"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கேட்டபிறகு சொன்னாள். அய்யாவு கூரையைத் தூக்கியதிலிருந்து என் சமையலறைச் சத்தம் எல்லாம் அவள் சமையலறைக்குப் போகிறதாம். நான் இடிப்பது, இருமுவது, போனில் கத்துவது எல்லாம். "நீங்க மருமகளப் பத்தி பேசுனதுகூட கேட்டுச்சு" என்று கண்ணடித்தாள். (நல்லதாகத்தான் பேசினேன்.)

அவளுக்கு ஐஸ் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். மார்ச் மாதம் அந்தத் தரையில் கிடந்து நான் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியும் போகாத சத்தம், இப்போது உரல் சத்தமாகவே போகிறது. அதையும் நானே பேப்பர் வைத்து அடைத்திருக்கிறேன்.

ரொகாயாவே நாற்காலியில் ஏறிச் சாக்கைப் பிடுங்கினாள். கடைத்தெருவுக்குப் போய் விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு வாங்கி வந்தோம். சுடர் இப்போது உள்ளே நின்று எரிகிறது. முருகனுக்கும் வேர்க்காது.

ஜூன் 2

இந்த வாரம் தண்ணீர்ப் பரிசோதனை நடந்தது. டாய்லெட்டில் எப்போதும் சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். அது அதன் சுபாவம் என்று விட்டுவிட்டேன். லோஷினி, தொட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கலர் ஊற்ற வேண்டும் என்றாள்.

"மஞ்சள் இருக்கா பாட்டி?"

"மஞ்சளயா? டாய்லெட்டுலயா? வாயக் கழுவு மொதல்ல!"

"சரி, வேற என்ன கலர் இருக்கு?"

பாண்டோங் பானம் கலக்க வைத்திருந்த ரோஸ் சிரப்தான் இருந்தது. தாராளமாக ஊற்றினாள். கொஞ்ச நேரம் யாரும் போகவில்லை. பிறகு எட்டிப் பார்த்தால், கீழே கிண்ணம் முழுக்க ரோஜாப்பூ நிறம்! எத்தனை காலமாக நல்ல தண்ணீர் இப்படி ஓடிப்போயிருக்கிறது? ஒரு பக்கம் தண்ணீர் தடை வந்தால் வாளி வாளியாகப் பிடித்து வைக்கிறோம், இன்னொரு பக்கம் இப்படி.

அய்யாவு வந்து ஒரு சின்ன ரப்பரை மாற்றினார். சத்தம் நின்றுவிட்டது. முதலில் வீடு ஊமையானதுபோல் இருந்தது, பழகிவிட்டது.

எறும்பு மட்டும் மூன்று நாளாகப் போகவில்லை.

ஜூன் 23

கூரைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் பெரிய நீலத் தோங் பீப்பாய் வைத்து, கொசு நுழையாமல் வலை கட்டி, கீழே குழாய் வைத்தாயிற்று. ஏடிஸ் கொசு பிடிக்க வரும் சுகாதார ஆட்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பகுஸ், மக்சிக்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அதையும் ரொகாயாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

முன்பெல்லாம் காலையில் ரப்பர் குழாயைப் பிடித்துப் போர்ச் முழுக்க அடித்துக் கழுவிவிட்டுத்தான் கோலம் போடுவேன். இப்போது தோங்கிலிருந்து ஒரு வாளி, விளக்குமாறு. அவ்வளவுதான். கோலம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. கறிவேப்பிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது. அதற்கு மழைத் தண்ணீர்தான் பிடிக்கும் போல.

ஜூலை 14

மதிவாணன் வந்தான். பின்னால் இருக்கும் இரண்டாவது பிரிஜ்ஜைத் திறந்து பார்த்து, அப்படியே நின்றான். "பாட்டி, ஒரு தேங்கா மூடிக்கும் ஒரு மொழம் பூவுக்கும் இவ்ளோ பெரிய பொட்டியா?"

"தீபாவளிக்கு ஆட்டுக்கறி எங்கடா வைக்கிறது?"

"அப்ப தீபாவளிக்குப் போடுங்க."

யோசித்துப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கதவு திறந்தபடி கிடக்கிறது. பூவை முன்னால் இருக்கும் பிரிஜ்ஜில் வைத்தால் மோர் மல்லிகை வாசம் அடிக்கிறது. பரவாயில்லை.

ஆகஸ்டு 11

திருச்செல்வத்தோடு போனில் சண்டை. எல்லாம் செய்தாயிற்று, வீடு குளிர்ந்துவிட்டது என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. நாளைக்கு மறுபடி விழுந்தா? காத்தா வந்து தூக்கும்?"

"ரொகாயாவுக்குக் கேக்கும்டா. நான் இடிக்காட்டி ஓடி வருவா."

"உரல் சத்தத்த நம்பியா நான் சிங்கப்பூர் பாலம் தாண்டிப் போயி வேல செய்யறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பயப்படுகிறான். ஆம்பளைப் பிள்ளை பயத்தைக் கோபமாகத்தானே காட்டுது. நான் என்ன செய்ய? நான் பெத்த பிள்ளைக்கு நான் என்ன சொல்லிப் புரியவைக்க?

கடைசியில், "நீயே வந்து மத்தியானத்துல இந்த ஹாலுல படு. ஏர்கோனும் போடாத, காத்தாடியும் போடாத. தூக்கம் வரலன்னா அன்னிக்கே உன் காடியில ஏறி உன் வீட்டுக்கு வந்துடுறேன். தீபாவளி வரைக்குமெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

"சரி" என்றான்.

போனை வைத்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் சின்ன வயதிலேயே மத்தியானத்தில் தூங்காத பிள்ளை.

ஆகஸ்டு 30

ஒரு வாரமாக மழை இல்லை. தோங் காலி. நாளை மெர்டேகா, சுதந்திர தின லீவு, எல்லாரும் வருகிறார்கள். வெயில் கொஞ்சம் தயவு பண்ணினால் நல்லது. ஒரு பையில் இரண்டு புடவை எடுத்து வைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும்.

ஆகஸ்டு 31

வெயில் ஒரு தயவும் பண்ணவில்லை. காடியின் கூரையைத் தொட முடியவில்லை.

திருச்செல்வம் வந்ததும் வராததுமாக வீட்டைச் சுற்றி வந்தான். சுவரைத் தொட்டுப் பார்த்தான். கூரை இடைவெளியைப் பார்த்தான். சோறு, மீன் குழம்பு, அப்பளம். நான் வேண்டுமென்றே நிறையப் போட்டேன் என்று வாசுகி சொல்கிறாள். என் மகனுக்கு நான் சோறு போடுவது தப்பா?

சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துச் சுவரோரம் உட்கார்ந்தான். படுக்கவில்லை. போனைப் பார்த்தான். எங்கள் எல்லாரையும் சமையலறைக்குத் துரத்தினான். "நீங்க எல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத் தூக்கம் வரும்?"

நாங்கள் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. உரலில் மிளகைப் போட்டு இடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ரொகாயா குரல்: "கக், பந்தய ஆடு தூங்கிருச்சா?"

"சத்தம் போடாதடி!" என்றேன்.

அப்போதுதான் ஹாலிலிருந்து கேட்டது. குறட்டை. அவன் அப்பா விடுவாரே, அதே குறட்டை.

எட்டிப் பார்த்தோம். வாயைத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு கிடக்கிறான். நெற்றியில் முடி லேசாக அசைகிறது. மேலே காலண்டர் தாள் எழுந்து எழுந்து விழுகிறது. தினமும் இருட்டோடு எழுந்து பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளோடு நின்று போகிற பிள்ளை. முகத்தில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்து எத்தனை காலம்!

லோஷினி சத்தமில்லாமல் போனில் படம் எடுத்தாள்.

நிழல் போர்ச்சைத் தாண்டியபிறகுதான் எழுந்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணைக் கசக்கினான். என் பையைப் பார்த்தான்.

"என்னம்மா பை?"

"சும்மாதான்."

"உள்ள வைங்க" என்றான். பிறகு பின்பக்கம் போய், சுவரைத் தாண்டிச் சத்தமாக, "ரொகாயாக்கா! அம்மா உரல் சத்தம் கேக்காட்டி எனக்குப் போன் பண்ணணும், ஆ?" என்றான்.

"ஏற்கெனவே உங்க நம்பர் வாங்கிட்டேன்லா, தம்பி!" என்றாள் அவள்.

செப்டம்பர் 8

ஷர்மினிக்கு ஆறாம் படிவத்தில் ஏதோ பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. ஹேமநாதன் மறுபடி ஓடப் போகிறான். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

படங்களை எல்லாம் துடைத்து, புதுக் கண்ணாடி போட்டு, எதிர்ச்சுவரில் கீழே வரிசையாக மாட்டிவிட்டோம். இப்போது யாரும் கழுத்தைத் தூக்க வேண்டாம், முகத்துக்கு நேரே பார்க்கலாம். லோஷினி தன் பட்டமளிப்புப் படத்தை ஸ்டூடியோவில் புதிதாகக் கழுவிக்கொண்டு வந்தாள். வரிசையில் இன்னும் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. வேண்டுமென்றே விட்டு வைத்தேன்.

குடும்ப வாட்ஸ்அப்பில் இன்று குரல் அனுப்பினேன்: "லோஷினி, அன்னிக்கு உங்கப்பா வாயப் பொளந்து தூங்குன படத்தப் பெரிசா கழுவி, தபால்ல அனுப்பும்மா. போன்ல இருந்தா எனக்குப் பத்தாது. காலண்டர் தாள் மேல எழும்பி நிக்குதே, அது தெரியுற மாதிரி கழுவச் சொல்லு."

திருச்செல்வம் கோபமாக மூன்று முகம் போட்டு அனுப்பியிருக்கிறான். போடட்டும். ஆணி அடித்துவிட்டேன்.